மணியடிக்கும் நேரத்தில் போய்ப் பாருங்கள்



ஆட்டிசம் உள்ள பிள்ளைக்குத் தனியார் பள்ளி தேடி அலையும் பெற்றோருக்கு இரண்டு பதில்கள் பழக்கமாகிவிடும். "எங்களுக்கு ஆட்சேபணை இல்லை, மற்ற பேரன்ட்ஸ் என்ன சொல்வார்களோ?" என்பது ஒன்று. "விட்டுட்டுப் போங்க, நாங்க பார்த்துக்கறோம்" என்பது இன்னொன்று. முதல் பதில் கதவைச் சாத்திவிடுகிறது. இரண்டாவதைக் கேட்டதும் மனம் குளிர்ந்து ஃபீஸ் கட்டிவிடாதீர்கள். யார் பார்த்துக்கொள்வார்கள், எப்படி என்று கேளுங்கள்.

சட்டம் நம் பக்கம்தான். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கணக்கில் எடுக்கும் 21 வகைக் குறைபாடுகளில் ஆட்டிசமும் ஒன்று. அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளிகள் பாகுபாடு காட்டாமல் சேர்க்க வேண்டும் என்கிறது அது. தனியார் பள்ளிக்கும் அது பொருந்தும். ஒன்றாம் வகுப்புச் சேர்க்கைக்குப் பிள்ளையையோ பெற்றோரையோ சோதிக்கக் கூடாது என்கிறது 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம். மீறினால் முதல் முறைக்கே 25,000 ரூபாய் வரை அபராதம். தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் சட்டத்தைக் காட்டி வாங்கிய இடத்தில் பிள்ளை நாள் முழுக்க நிம்மதியாக இருக்குமா என்பது வேறு கேள்வி.

அதற்குப் பிரின்சிபால் அறையில் விடை கிடைக்காது. காலைப் பிரேயரின்போதோ மதிய இடைவேளையிலோ போய் நிற்க அனுமதி கேளுங்கள். மைக் கிறீச்சிடும், மணி அலறும், முந்நூறு பிள்ளைகள் ஒரே நேரத்தில் டிபன் பாக்ஸ் திறப்பார்கள். சில பிள்ளைகளுக்கு அந்தச் சத்தம் உடம்பில் வலியாகவே இறங்கும். காதைப் பொத்திக்கொண்டு மூலையில் ஒரு பிள்ளை உட்கார்ந்தால், டீச்சர் "கையை எடு" என்று அதட்டுகிறாரா, வராந்தாவுக்குக் கூட்டிப் போகிறாரா? எனக்கு அந்த ஒரு காட்சி போதும். ஏ.சி. வகுப்பும் ஸ்மார்ட் போர்டும் அதற்குப் பிறகுதான்.

ஆயாம்மாவிடமும் பேசுங்கள். பாத்ரூமுக்குக் கூட்டிப் போவதும், தயிர்சாதம் தவிர எதையும் தொடாத பிள்ளையைச் சாப்பிட வைப்பதும் அவர்தானே! சிறப்பாசிரியர் இருக்கிறார் என்றால் அவரையே நேரில் பார்க்க வேண்டும் என்று சொல்லுங்கள். சில இடங்களில் அவர் பெயர்ப் பலகையோடு சரி. பிள்ளையோடு கூடவே இருந்து உதவும் ஷேடோ டீச்சர் வேண்டும் என்றால் சம்பளம் யார் தருவது என்பதை முதலிலேயே எழுத்தில் வாங்குங்கள். பிள்ளை தானாகவே சமாளிக்கப் பழகுவதுதான் அவர் வேலையின் நோக்கம். கடைசி பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்து அமைதியாக வைத்திருப்பதல்ல.

நம் பக்கத்திலும் ஒரு தவறு இருக்கிறது. "அட்மிஷன் முதலில் கிடைக்கட்டும், பிறகு சொல்லிக்கொள்ளலாம்" என்று பலர் ஆட்டிசத்தை மறைக்கிறார்கள். பயம் புரிகிறது. ஆனால் விஷயம் தெரியாத டீச்சர் பிள்ளையின் நடத்தையைப் பிடிவாதம் என்றுதான் எடுத்துக்கொள்வார். டைரியில் தினம் ஒரு புகார் வரும். எது பிள்ளையைக் கலங்கடிக்கும், எது அமைதிப்படுத்தும், தண்ணீர் வேண்டுமென்றால் எப்படிக் கேட்கும் என்று ஒரே ஒரு தாளில் எழுதி வகுப்பாசிரியர் கையில் கொடுங்கள். வாங்கிப் படித்துவிட்டு அவர் ஒரு கேள்வியாவது கேட்டால் அந்தப் பள்ளியை நம்பலாம். முதல் சில வாரம் அரை நாள் போதும் என்று பேசிப் பாருங்கள். அதற்கு இசையும் பள்ளி வீட்டிலிருந்து கொஞ்சம் தூரம் என்றாலும் பரவாயில்லை.