பதிவேட்டில் ஏறாத பக்கவாதம்

என் ஆசிரியர்கள் சிலர் முன்வரிசையில் அமர்ந்திருக்க, தலைமை உரை ஆற்ற நிற்பது பெரும் பேறு. கொஞ்சம் படபடப்பும் இருக்கிறது.

‘மருத்துவமனை நோயாளிகளிடையே பக்கவாதம்’ என்பது இந்தக் கூட்டத்தின் தலைப்பு. அடைப்பு எவ்வளவு, ரத்தக் கசிவு எவ்வளவு, சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் பீடிக்கும் என்ன பங்கு என்பதை அடுத்து வரும் கட்டுரைகள் சொல்லும். ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்துக்கான நாலரை மணி நேரக் கெடுவை இந்த அவைக்கு விளக்க வேண்டியதில்லை. என் கேள்வி வேறு: வார்டுக்கு வந்து சேர்ந்தவர்களின் கணக்கை ஊரின் கணக்காக எப்படி எடுத்துக்கொள்கிறோம்?

1969-71இல் வேலூரில் ஜேக்கப் ஆபிரகாம் குழுவினர் ஊருக்குள் இறங்கித் தேடினார்கள். 2005இல் திருவனந்தபுரம் பதிவேடு, மருத்துவமனைக்கு வராதவர்களையும் சேர்த்து எண்ணியது. புறா ரத்தம் தேய்த்துக்கொண்டு வீட்டோடு கிடந்துவிடும் கிழவி நம் மதுரைக் கணக்கில் எந்தக் கட்டத்தில் இருக்கிறாள்?

அவளைவிட என்னை அதிகம் உறுத்துபவள், பிள்ளை பெற்ற சில நாளில் மூளைச் சிரை அடைப்பால் விழும் தாய். 1995இல் ரியாத்திலிருந்து மூளைச் சிரை அடைப்பு நோயாளிகள் 40 பேரைப் பற்றி ஒரு கட்டுரை வந்தது. அங்கே முன்னின்ற காரணம் பெசெட் நோய். நம் பக்கம் அப்படியில்லை. 1983இல் கே. சீனிவாசன் கர்ப்பகாலத்திலும் பிரசவத்துக்குப் பின்னும் வந்த மூளை ரத்தக்குழாய் அடைப்புகளை 135 பெண்களிடம் பார்த்து எழுதினார். தமிழ்நாட்டு வார்டுகளின் அனுபவம் அது. இன்று நம்மில் எத்தனை பேர் அதை எடுத்துப் படிக்கிறோம்?

படிப்பவர்களும் ஒரே விளக்கத்தோடு நிறுத்திவிடுகிறார்கள்: பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீர் கொடுக்காமல் வைக்கும் பத்தியம்தான் காரணம் என்று. நான் பெரிதும் மதிக்கும் மூத்தவர்களும் மேடைதோறும் இதைச் சொல்கிறார்கள். தண்ணீர் மறுப்பது கெடுதல், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அதே தெருவில் அதே பத்தியம் இருந்து நோய் வராத தாய்மார்களோடு ஒப்பிட்டோமா? பிரசவத்தை ஒட்டி ரத்தம் உறையும் தன்மை இயல்பாகவே கூடுகிறது. அதோடு சோகையும் தொற்றும் சேரலாம். பத்தியம் வைத்த பாட்டியின் மேல் பழியைப் போட்டுவிட்டு ஹீமோகுளோபினைக் கேட்காமல் விடுவது ஆராய்ச்சி ஆகாது.

விபரீதம் கணக்கோடு நிற்பதில்லை. பிரசவமாகிப் பத்தாம் நாள், தாய்வீட்டில் இருப்பவளுக்கு விடாத தலைவலி. மறுநாள் வலிப்பு, ஒரு பக்கக் கை விழுந்துவிடுகிறது. வீட்டார் பிரசவ ஜன்னி என்கிறார்கள். கேஸ் ஷீட்டில் நாமும் ‘எக்லாம்ப்சியா’ என்று எழுதி மகப்பேறு வார்டுக்கு அனுப்புகிறோம். எக்லாம்ப்சியா பெரும்பாலும் பிரசவத்துக்கு முன்போ, பின் இரண்டு நாளுக்குள்ளோ வருவது என்று நமக்குத் தெரியும். பதினோராம் நாள் வலிப்புக்குச் சிரைகளைப் பார்க்கும் எம்ஆர் படம் வேண்டும். சாதாரண சிடி சில சமயம் ஒன்றும் காட்டாது. காட்டினாலும், அதில் ரத்தக் கசிவைக் கண்டதும் ஹெபாரின் கொடுக்கக் கை நடுங்குகிறது. 1991இல் ஜெர்மனியில் ஐன்ஹாய்ப்ல் குழுவினர் 20 பேரிடம் செய்த சிறிய சோதனை, கசிவு இருந்தவர்களுக்கும் ஹெபாரின் பயன் தந்ததைக் காட்டியது. இதற்குப் பிறகும் தயங்குவதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஆகவே இந்த அவையிடம் நான் கேட்பது இரண்டு. நரம்பியல் வார்டின் ஏட்டோடு நிற்காமல் மகப்பேறு வார்டின் பழைய ஏடுகளையும் திறந்து, பிரசவத்துக்குப் பின் வலிப்பு வந்த ஒவ்வொருவரையும் மறுபடி பாருங்கள். இனி வரும் ஒவ்வொரு இளம்பெண்ணின் கேஸ் ஷீட்டிலும், கடைசியாக நன்றாக இருந்த நேரத்துக்குப் பக்கத்தில், பிரசவமாகி எத்தனையாவது நாள் என்பதையும் எழுதுங்கள்.