காப்பி ஹவுஸ் தொழிலாளர் தந்த பாடம்

(திருவரங்குளத்தில் ஓட்டல் தொழிலாளர் கூட்டத்தில் பேசியது)



கூட்டம் தொடங்குமுன் ஒரு தோழர் கேட்டார்: "முதலாளி கடையையே இழுத்து மூடிவிட்டால் சங்கம் என்ன செய்யும்?" நியாயமான கேள்வி.

பத்தாவது முடித்த வருஷம் ரோட்டோர ஓட்டல் ஒன்றில் நான் டம்ளர் கழுவினேன். பல ஊர்களில் கிளை வைத்திருந்த கம்பெனி அது. ஒருநாள் காலை போனால் கதவில் பூட்டு! ஒரு மாதச் சம்பளம் பாக்கி. போர்டைக் கழற்றினார்கள், அடுப்பு மேடையை இடித்தார்கள். பிறகு அந்த இடம் உர மூட்டைக் கிடங்காயிற்று. கட்டடத்திற்குப் பிழைப்பு கிடைத்தது, எங்களுக்குக் கிடைக்கவில்லை.

ஆனால் இது தலைவிதியல்ல. வேறு விதமாகவும் நடந்திருக்கிறது.

1936ல் பம்பாய் சர்ச்கேட்டில் முதல் இந்தியா காப்பி ஹவுஸ் திறக்கப்பட்டது. நம் நாட்டுக் காப்பிக்கொட்டை உள்நாட்டிலேயே விலைபோக வேண்டும் என்பது நோக்கம். பிறகு காப்பி போர்டு பல நகரங்களில் கிளைகள் நடத்தியது. 1950களில் அதே போர்டு கடைகளை மூட முடிவு செய்தது. பரிமாறியவரும் பாத்திரம் கழுவியவரும் தெருவில் நிற்க வேண்டியதுதானா?

இல்லை! கடைகளைத் தொழிலாளரே கூட்டுறவாக ஏற்று நடத்தும் வழியைத் தோழர் ஏ. கே. கோபாலன் காட்டினார். 1957 ஆகஸ்டில் பெங்களூரில் முதல் சங்கம் உதயமாயிற்று. அக்டோபரில் டில்லியில் கடை திறந்தது. 1958 மார்ச்சில் திருச்சூர்க் கடையை ஏ.கே.ஜி.யே திறந்து வைத்தார்.

கல்கத்தா காலேஜ் தெருவைப் பாருங்கள். அங்கே ஆல்பர்ட் ஹாலில் 1942ல் வந்த காப்பி ஹவுஸ் 1958ல் மூடப்பட்டது. பேராசிரியர்களும் குரல் எழுப்பவே மீண்டும் திறந்தது. அதே கூடத்தில் இன்றும் தொழிலாளர் கூட்டுறவே காப்பி ஊற்றுகிறது.

எல்லாம் வெற்றியென்று சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன். டில்லி கன்னாட் பிளேஸ் காப்பி ஹவுஸை 1976ல், அவசரநிலைக் காலத்தில், இடித்துத் தள்ளினார்கள். பெங்களூர் மகாத்மா காந்தி சாலையிலோ இடம் வாடகைக்கு. கட்டடச் சொந்தக்காரரோடு வழக்காகி, 2009ல் காலி செய்ய நேர்ந்தது. ஆயினும் இரண்டு இடத்திலும் தொழிலாளர் கலைந்து போகவில்லை. டில்லியில் மோகன்சிங் பிளேஸிலும், பெங்களூரில் சர்ச் தெருவிலும் மறுபடி அடுப்பு மூட்டினார்கள். சுவர் போயிற்று, சங்கம் நின்றது.

தோழரே, உங்கள் கேள்விக்குப் பதில் இதுதான். பூட்டு விழுந்த பிறகு சங்கம் சேர்ந்தால் கட்டடத்தை வெளியில் நின்று பார்க்கலாம், அவ்வளவே. நான் அப்படித்தான் நின்றேன். கடை ஓடும்போதே ஒன்றுசேருங்கள். வரவு செலவு என்ன, இடம் யாருடையது, வாடகைச் சீட்டு யார் பெயரில் என்பதையெல்லாம் தெரிந்துகொள்ளுங்கள். சமைக்கவும் பரிமாறவும் தெரிந்த நமக்குக் கணக்கெழுத வராதா? வரும்! அன்று காப்பி ஹவுஸ் தொழிலாளருக்கு வந்தது.