ஜப்பான் போகும் பிள்ளைகளுக்கும் அவர்களைப் பெற்றவர்களுக்கும்

(கொடைக்கானலில் நடந்த நமது அறக்கட்டளையின் கல்வி, வேலைவாய்ப்பு வழிகாட்டிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

வளைகுடா நாடுகள் நமக்குப் பழகிவிட்டன. இப்போது நம் பிள்ளைகள் ஜப்பானைப் பற்றிக் கேட்கிறார்கள். அத்தாவும் அம்மாவும் கேட்பது வேறு: "அங்கே போய்ப் பிள்ளை எப்படி இருக்கும்? என்ன சாப்பிடும்?" இரண்டு கேள்விக்கும் சேர்த்தே பேசுகிறோம்.

1961-இல் நொபொரு கராஷிமா என்ற ஜப்பானிய இளைஞர் சென்னைப் பல்கலைக்கழகத்தில் படிக்க வந்தார். சோழர் காலக் கல்வெட்டுகளைப் படிக்க வேண்டும் என்பது அவர் ஆசை. அந்நாளில் மத்திய அரசின் கல்வெட்டு அலுவலகம் ஊட்டியில் இருந்தது. அங்கே போய், தெரிந்தவர்களிடம் உட்கார்ந்து, பழைய தமிழ் எழுத்துகளைக் கற்றார். பிற்காலத்தில் டோக்கியோ பல்கலைக்கழகப் பேராசிரியரானார். 1995-இல் தஞ்சையில் உலகத் தமிழ் மாநாடு நடந்தபோது, உலகத் தமிழ் ஆராய்ச்சி மன்றத்தின் தலைவர் அவர்தான். 2013-இல் நம் நாடு அவருக்குப் பத்மஸ்ரீ வழங்கியது. மனைவியோடு சேர்ந்து, கறி சமையலைப் பற்றி ஜப்பானிய மொழியில் ஒரு நூலும் எழுதினார்.

தமிழ் கற்றதால் அவர் ஜப்பானியர் அல்லாமல் போய்விடவில்லை. நாம் பிடித்துக்கொள்ள வேண்டியது இதைத்தான். ஒரு ஊரின் மொழியையும் முறையையும் கற்பது வேறு, தன்னை இழப்பது வேறு.

நம் மலையிலேயே இன்னொரு சான்று உண்டு. பெருமாள்மலையில் 1996 முதல் போதி ஜென்டோ என்ற தியான நிலையம் இருக்கிறது. அதை நிறுவிய அமா சாமி, ஜப்பானில் காமகுராவுக்குப் போய் ஜென் பயின்ற தமிழர். அவர் ஒரு கிறிஸ்தவத் துறவி. அங்கே போய்க் கற்றார். துறவியாகவே திரும்பி வந்தார். அவர்கள் வழி வேறு, நம் வழி வேறு. ஆனாலும் போனவர் போனபடியே திரும்ப முடியும் என்பதற்கு அது சாட்சி.

இனி, காரியத்துக்கு வருவோம்.

ஜப்பான் 2019 ஏப்ரலில் குறிப்பிட்ட திறன் உடையவர்களுக்கான விசாவைத் தொடங்கியது. 2021 ஜனவரியில் இந்தியாவோடு அதற்கு உடன்பாடு செய்துகொண்டது. முதியோர் பராமரிப்பு, விவசாயம், கட்டுமானம் போன்ற வேலைகள் இதில் உண்டு. தொழில் தேர்வும் ஜப்பானிய மொழித் தேர்வும் எழுத வேண்டும். முதல் நிலை விசாவில் பொதுவாக மொத்தம் 5 ஆண்டுகள்தான் தங்கலாம். மனைவி மக்களை அழைத்துப் போக முடியாது. நிக்காஹ் பேசும் குடும்பங்கள் இதை முதலிலேயே இரு வீட்டாருக்கும் சொல்லிவிட வேண்டும்.

உணவில் கவனம் வேண்டும். நூடுல்ஸ் சூப்பில் பன்றி எலும்பு இருக்கலாம். மிரின் என்ற சமையல் திரவத்தில் மது உண்டு. பன்றி, மது என்று குறிக்கும் எழுத்துகளை இங்கேயே படித்துக்கொண்டு போங்கள். தொழுகைக்கு நேரமும் இடமும் வேண்டுமென்றால், வேலையில் சேரும் முன்பே பணிவாகக் கேளுங்கள். குப்பையைப் பிரித்து, குறித்த நாளில்தான் வைக்க வேண்டும். இதில் தவறினால் அக்கம்பக்கத்தார் மனம் கோணும்.

கசப்பான ஒன்றையும் மறைக்கக் கூடாது. அங்கே இறந்தவர்களை எரிப்பதே ஏறக்குறைய முழு நாட்டின் வழக்கம். முஸ்லிம் அடக்கஸ்தலங்கள் மிகக் குறைவு. அசம்பாவிதம் நேர்ந்தால் என்ன ஏற்பாடு, காப்பீடு எதற்கெல்லாம் உண்டு என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

ஆனால் அங்கே நம்மவர் வேர் புதிதல்ல. கோபே நகரின் பள்ளிவாசல் 1935-இல் எழுந்தது. அதற்குப் பொருள் தந்தவர்களில் இந்திய வணிகர்கள் முன்னின்றார்கள். 1945-இன் குண்டுவீச்சையும் 1995-இன் நிலநடுக்கத்தையும் தாண்டி அது இன்றும் நிற்கிறது.

கடைசியாக ஒன்று. கராஷிமா தமிழ் கற்றது அவர் உழைப்பால் மட்டுமல்ல. சொல்லித்தர இங்கே ஆள் இருந்தார்கள். இன்று நம் மலைக்கு வட மாநிலங்களிலிருந்து குடும்பங்கள் கூலி வேலைக்கு வருகின்றன. நம் பிள்ளைக்கு ஜப்பானில் ஒரு வாசல் திறக்க வேண்டும் என்று துஆ கேட்கும் நாம், இவர்களுக்கு வீட்டை வாடகைக்கு விடத் தயங்கலாமா? இவர்கள் பிள்ளைகளுக்கு ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் தமிழ் சொல்லித்தர நேரமுள்ளவர்கள், கூட்டம் முடிந்ததும் பெயர் கொடுங்கள்.