கிணறும் வேலை உடையும்: ராணுவங்கள் தாமதமாகக் கற்ற பாடம்

(அறக்கட்டளையின் குடும்ப நலக் கூட்டத்தில் ஆற்றிய உரை)





கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலும் அதைச் சுற்றியுள்ள ஆலைகளிலும் நம் ஜமாஅத்துப் பிள்ளைகள் பலர் வேலை செய்கிறார்கள். இரும்பு உருக்குதல், பழைய பேட்டரியிலிருந்து ஈயம் எடுத்தல், ரசாயனம் என்று இங்கே பல தொழில்கள் உண்டு. அந்தச் சம்பளத்தில்தான் நம் வீடுகள் பலவற்றில் அடுப்பு எரிகிறது. ஆகவே ஆலைகளைத் திட்டுவதற்காக நாங்கள் பேச வரவில்லை. “போர் தண்ணீரில் ஏதோ கலந்திருக்கிறது” என்ற பேச்சு எழும்போது பதறாமலும், அலட்சியமாக விட்டுவிடாமலும் என்ன செய்வது என்பதைச் சொல்லவே வந்திருக்கிறோம். அதற்கு ராணுவங்களின் அனுபவம் நமக்கு உதவும்.

ராணுவத்துக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். நம் திருவள்ளூர் மாவட்டத்து ஆவடியை நினைத்துப் பாருங்கள். பீரங்கி வண்டி செய்யும் தொழிற்சாலை, அதை ஒட்டியே குடியிருப்பு, பள்ளிக்கூடம், மருத்துவமனை. உலகில் பெரிய ராணுவத் தளங்கள் எல்லாம் இப்படித்தான். எரிபொருள், பெயிண்ட், வெடிமருந்து, கரைப்பான் எல்லாம் ஒரு பக்கம். பிள்ளை குட்டிகளோடு குடும்பங்கள் மறுபக்கம். வேலையும் வீடும் கிணறும் ஒரே மண்ணில். நம் நிலையும் அதுதான்.

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் லெஜூன் முகாம் என்ற கடற்படை வீரர் தளம் இருக்கிறது. அங்கே 1953 முதல் 1987 வரை குடிநீரில் நஞ்சு கலந்திருந்தது. ஒரு பகுதிக்கு வெளியே இருந்த சலவைக் கடையின் கரைப்பான் காரணம். இன்னொரு பகுதிக்குத் தளத்துக்குள்ளேயே கசிந்த எண்ணெயும் கரைப்பானும் காரணம். டிரைகுளோரோஎத்திலீன் என்ற கரைப்பான் 1982இல் ஒரு குழாய்த் தண்ணீரில் லிட்டருக்கு 1,400 மைக்ரோகிராம் இருந்தது. அமெரிக்கா பிற்பாடு வைத்த வரம்பு 5 மைக்ரோகிராம்தான்.

தண்ணீரில் வேறு ரசாயனம் தெரிகிறது என்ற எச்சரிக்கை 1980லேயே வந்துவிட்டது. மோசமான கிணறுகள் மூடப்பட்டதோ 1984, 1985இல். அந்த நாளில் இந்தக் கரைப்பானுக்குக் குடிநீரில் சட்ட வரம்பு கிடையாது. வரம்பு இல்லை என்பதை ஆபத்து இல்லை என்று எடுத்துக்கொண்டால் என்ன நடக்கும் என்பதற்கு இந்த ஊரே சாட்சி. அந்த ஆண்டுகளில் அங்கு வாழ்ந்தவர்கள், வேலை செய்தவர்கள் பத்து லட்சம் பேர் வரை இருக்கலாம் என்று கணக்கிடுகிறார்கள். ரத்தப் புற்றுநோய், சிறுநீரகப் புற்றுநோய், பார்க்கின்சன் போன்ற நோய்களை அந்தத் தண்ணீரோடு தொடர்புள்ளவையாக முன்னாள் வீரர்கள் துறை பிற்பாடு ஏற்றுக்கொண்டது. பாதிக்கப்பட்டவர்கள் நீதிமன்றம் போகச் சட்டம் வழி திறந்தது 2022இல்தான்.

இப்படிப் பட்ட அடிகளுக்குப் பிறகு அமெரிக்கப் பாதுகாப்புத் துறை ஒரு முறையை வகுத்தது. அதில் மூன்று படிகள். முதலாவது, தேடு: எந்தப் பொருளைப் பற்றிப் புதிதாகச் சந்தேகம் எழுகிறது என்று ஆய்வுகளை இடைவிடாமல் பார்ப்பது. இரண்டாவது, கவனி: அந்தப் பொருளை நாம் எங்கே, எவ்வளவு பயன்படுத்துகிறோம், யார் உடம்புக்குள் எந்த வழியாகப் போகும் என்று கணக்கெடுப்பது. மூன்றாவது, செயல்படு: மாற்றுப் பொருள் தேடுவது, ஆட்களைப் பாதுகாப்பது, மண்ணையும் நீரையும் சுத்தம் செய்வது. துரு பிடிக்காமல் இருக்கப் பூச்சில் சேர்க்கும் ஆறு இணைதிறன் குரோமியம் இப்படித்தான் செயல்படும் பட்டியலுக்கு வந்தது. புதிய தளவாடங்களில் அதை உயர் அதிகாரியின் ஒப்புதல் இல்லாமல் சேர்க்கக் கூடாது என்று 2009இல் உத்தரவு போட்டார்கள்.

அதே குரோமியத்தை நம் தமிழ்நாடும் அறியும். ராணிப்பேட்டை சிப்காட்டில் தமிழ்நாடு குரோமேட்ஸ் ஆலை 1990களில் மூடப்பட்டபோது, ஒரு லட்சம் டன்னுக்கு மேற்பட்ட கழிவு அங்கேயே கிடந்தது. ஆலை மூடினாலும் மழை நிற்கவில்லை. மழையோடு குரோமியம் நிலத்தடி நீருக்கு இறங்கியது. மேல்விஷாரம், வாலாஜா பக்கம் சம்பந்தம் செய்தவர்களுக்கு இது தெரிந்த கதைதான்.

அடுத்தது தீயணைப்பு நுரை. 1967இல் ஃபாரஸ்டல் என்ற அமெரிக்கப் போர்க்கப்பலில் தீப்பிடித்து 134 பேர் இறந்தார்கள். எரிபொருள் தீயை நொடியில் அடக்கும் ஒரு நுரை அதன்பின் பல தளங்களுக்கும் பரவியது. உயிர் காக்க வந்த பொருள்தான் அது. ஆனால் அதிலிருந்த பிஃபாஸ் என்ற ரசாயனங்கள் மண்ணில் எளிதில் சிதைவதில்லை. பயிற்சிக்கு அடித்த நுரை பக்கத்து ஊர்க் கிணறுகளுக்கு இறங்கியது. ஆஸ்திரேலியாவில் வில்லியம்டவுன், ஓக்கி, கேத்தரின் என்ற மூன்று தளங்களைச் சுற்றி வாழ்ந்த மக்களுக்கு 2020இல் அரசு 21 கோடியே 25 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் தர ஒப்புக்கொண்டது. சென்னை நீர்நிலைகளிலும் பிஃபாஸ் இருப்பதை ஐ.ஐ.டி. மெட்ராஸ் ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். நம் நாட்டின் குடிநீர்த் தரம், ஐ.எஸ். 10500, 2012இல் வந்தபோது அதில் பிஃபாஸுக்கு வரம்பு இல்லை.

ராணுவம் எல்லாம் சரியாகச் செய்கிறது என்று நாங்கள் சொல்லவில்லை. தானே கசியவிட்டு, தானே அளந்து, தானே தீர்ப்புச் சொல்லும் இடத்தில் அது இருக்கிறது. அமெரிக்கத் தளங்களைச் சுற்றியுள்ள மக்கள் சுத்தம் செய்யும் வேலை நகரவில்லை என்று இன்றும் முறையிடுகிறார்கள். ஆனாலும் இரண்டு நல்ல பழக்கங்கள் அவர்களிடம் வந்திருக்கின்றன. கிணற்றில் அளவு மீறினால், யார் குற்றம் என்ற விசாரணை முடியும்வரை காத்திராமல் முதலில் மாற்றுத் தண்ணீர் தருகிறார்கள். ஆபத்தான வேலை செய்யும் தீயணைப்பு வீரர்களுக்கு 2020 முதல் ரத்தத்தில் பிஃபாஸ் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்திருக்கிறார்கள்.

இதை நம் ஊருக்குக் கொண்டுவருவோம். நாங்கள் உங்களிடம் கேட்பது நான்கு காரியங்கள்.

ஒன்று: தண்ணீரைச் சோதிக்கும்போது எதைச் சோதிக்கிறார்கள் என்று கேளுங்கள். டி.டி.எஸ். மீட்டர் உப்பின் அளவைத்தான் காட்டும். ஈயம் இருக்கிறதா என்று சொல்லாது. குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் “ஈயம், குரோமியம், ஆர்சனிக் பார்ப்பீர்களா” என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். ஐ.எஸ். 10500 தரப்படி ஈயம் லிட்டருக்கு 0.01 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது.

இரண்டு: கொதிக்க வைத்தால் கிருமி சாகும், ஈயமும் குரோமியமும் பிஃபாஸும் போகாது. தண்ணீர் வற்ற வற்ற அவை செறிவாகும். சரியாகப் பராமரித்த ஆர்.ஓ. கருவி இவற்றைப் பெருமளவு குறைக்கும். அளவு மீறியது தெரிந்தால் கைக்குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் முதலில் தண்ணீரை மாற்றுங்கள்.

மூன்று: ஈய ஆலையில் வேலை செய்யும் பிள்ளைகள் வேலை உடையோடு வீட்டுக்குள் வர வேண்டாம். அந்தத் தூசு மடியில் ஏறும் குழந்தையின் வாய்க்குப் போகும். ஆலையிலேயே குளித்து உடை மாற்றுவது நல்லது. முடியாவிட்டால் வாசலில் மாற்றி, தனியாகத் துவையுங்கள். குழந்தையின் ரத்தத்தில் ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கருத்து.

நான்கு: ரத்தத்தில் ஈயப் பரிசோதனை கேட்பது தொழிலாளியின் உரிமை, யாரும் வெட்கப்படவோ பயப்படவோ வேண்டியதில்லை. ஈய நஞ்சு 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டத்திலேயே அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோயாகச் சேர்க்கப்பட்டது. இ.எஸ்.ஐ. அட்டை உள்ளவர்கள் அதன் மருத்துவரிடம் என்ன வேலை செய்கிறோம் என்பதைச் சொல்லிக் கேளுங்கள்.

எங்கள் பங்குக்கு ஒரு கிணற்றுப் பதிவேடு தொடங்குகிறோம். பள்ளிவாசல் ஹவுளுக்குத் தண்ணீர் தரும் போரிலிருந்து ஆரம்பித்து, யார் வீட்டு போர், எத்தனை அடி, எப்போது சோதித்தது, என்ன முடிவு என்று எழுதி வைப்போம். கோடையில் ஒரு தடவை, மழைக்குப் பின் ஒரு தடவை. நாம் மட்டும் குடிக்கும் தண்ணீர் அல்ல இது. மற்ற சமுதாயத்து அண்டை வீட்டாரும் இதில் சேரலாம். நாளை மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் முன் நின்று பேச வேண்டி வந்தால், ஆத்திரத்தை விட தேதி போட்ட காகிதம் அதிகம் பேசும். லெஜூனில் எச்சரிக்கைக் காகிதம் இருந்தும் நான்கு ஆண்டுகள் யாரும் கிணற்றை மூடவில்லை. நம் பதிவேட்டில் ஒரு கிணறு அளவு மீறினால் அதே வாரத்தில் அந்த வீட்டுக்கு வேறு தண்ணீர் போக வேண்டும். அந்தப் பொறுப்பை அறக்கட்டளை ஏற்கிறது, இன்ஷா அல்லாஹ்.

நம் குடும்பங்களுக்கும் நம் அண்டை வீட்டாருக்கும் அல்லாஹ் நல்ல ஆரோக்கியத்தைத் தருவானாக. வஸ்ஸலாம்.