குஸ்தன்தீனிய்யாவின் மதிலடியில்



குஸ்தன்தீனிய்யா என்றால் நாம் 1453ஐத்தான் பேசுகிறோம். 21 வயது சுல்தான் முஹம்மது ஃபாத்திஹ் கப்பல்களைத் தரைவழியே இழுத்துச் சென்ற கதை நம் பிள்ளைகளுக்கு மனப்பாடம். ஆனால் அதே மதிலடியில் நாம் தோற்றதைச் சொல்கிறோமா? அபூ அய்யூப் அல் அன்சாரி (ரலி) அவர்கள் முதுமையில் படையோடு போய் அங்கேயே வஃபாத்தானார்கள். 717இல் மஸ்லமாவின் படை ஓராண்டு முற்றுகையிட்டும், கிரேக்க நெருப்பிலும் பனியிலும் பட்டினியிலும் நொடிந்து திரும்பியது. 1204இல் நகரைச் சூறையாடியவர்களோ சிலுவைப் போர்வீரர்கள், அதாவது அவர்களுடைய மதத்தவரே!

1453இல் நம்மவர்களும் சூறையாடினார்கள், ஆயிரக்கணக்கானோர் அடிமைகளாயினர். இதையும் பிள்ளைகளிடம் மறைக்காமல் சொல்வோம். வெறிச்சோடிய ஊரை நிரப்ப, சுல்தான் பல பகுதிகளிலிருந்து மக்களைக் கொண்டுவந்து குடியேற்ற வேண்டியிருந்தது.