கவிஞர் வாழ்ந்த வீடும் நகர மன்றத்தின் இசைவும்



கவிதை ஏட்டில் வாழ்கின்றது. கவிஞர் ஒரு வீட்டில் வாழ்கின்றார். ஏட்டைக் காப்பதற்குப் பதிப்பாசிரியர் உள்ளார். வீட்டைக் காப்பவர் யார்? காலப்போக்கில் பழுதுற்ற அவ்வீட்டைப் புதுப்பிக்கவும், காண வருவோர் பெருகும்போது அதனை விரிவாக்கவும் நேர்ந்தால், எதனை மாற்றலாம், எதனைத் தொடலாகாது என்று முடிவு செய்யும் உரிமை யாருக்கு உண்டு? இவ்வினாவுக்கு இங்கிலாந்து நெடுங்காலம் முயன்று ஒரு விடை கண்டது. உரிமையாளர் விண்ணப்பிக்க வேண்டும். அவ்வூர் மன்றம் ஆராய்ந்து இசைவளிக்க வேண்டும் என்பதே அவ்விடை. பார்வைக்கு இது வெறும் அலுவலக நடைமுறை. உள்ளே புகுந்து நோக்கினால், இலக்கியம் பயில்வோர் நன்கறிந்த ஒரு சிக்கல் அங்கும் இருக்கக் காணலாம். ஆங்கிலக் கவிஞர் ஜான் கீட்ஸ் வாழ்ந்த வீட்டின் வரலாறு அதற்குத் தக்க சான்று.

இலண்டனின் வடபகுதியாகிய ஹாம்ஸ்டெட்டில் 'வென்ட்வொர்த் பிளேஸ்' என்னும் பெயருடன் 1814 முதல் 1816 வரையிலான காலத்தில் எழுந்தது அவ்வீடு. சார்லஸ் வென்ட்வொர்த் டில்க், சார்லஸ் ஆர்மிடேஜ் பிரௌன் என்னும் நண்பர் இருவர் சேர்ந்து கட்டியது அது. முன்னின்று பார்ப்பவர்க்கு ஒரே வீடாகத் தோன்றும். உள்ளேயோ நடுச்சுவரால் பிரிக்கப்பட்ட இரண்டு வீடுகள். தோட்டம் மட்டும் பொது. 1818 டிசம்பரில் தம்பி டாம் காசநோயால் இறந்தபின், கீட்ஸ் பிரௌனின் பகுதிக்குக் குடிவந்தார். அடுத்த வசந்தத்தில் டில்க்கின் பகுதிக்கு ஃபேனி பிரான் என்னும் இளம்பெண்ணின் குடும்பத்தார் வந்தனர். அந்த வசந்தத்தில்தான், தோட்டத்துப் பிளம் மரத்தடியில் அமர்ந்து, நைட்டிங்கேல் பறவையைப் பற்றிய புகழ்மிக்க பாடலைக் கவிஞர் எழுதினார் என்பது பிரௌன் தரும் செய்தி.

1820 பிப்ரவரியில் குருதி உமிழ்ந்து படுக்கையில் விழுந்த கீட்ஸ் சுவருக்கு இப்பால். அவர் மணக்க விரும்பிய பெண் அப்பால். இத்தாலிக்குப் புறப்படுமுன் கடைசிச் சில வாரங்களை அவர் அச்சுவரின் மறுபுறத்தில், அப்பெண்ணின் தாயாரது பராமரிப்பில் கழித்தார். 1821 பிப்ரவரி 23 அன்று, 25-ஆம் வயதில், ரோம் நகரில் உயிர் நீத்தார்.

அக்கவிஞரின் வாழ்வை அந்த நடுச்சுவரைப் போல் எடுத்துச் சொல்லும் பொருள் பிறிதொன்று இல்லை எனலாம். ஆயினும் 1838-39 அளவில் அவ்வீட்டைப் பெற்ற நடிகை எலைசா செஸ்டர் இரு வீடுகளையும் இணைத்து ஒன்றாக்கினார். பெரிய வரவேற்பறை ஒன்றையும் புதிதாகக் கட்டிச் சேர்த்தார். பழமை கருதி அவரைத் தடுக்கும் சட்டம் எதுவும் அன்று இல்லை. கீட்ஸும் அன்று பலர் அறிந்த கவிஞர் அல்லர். தமக்குரிய வீட்டைத் தம் வாழ்வுக்கு ஏற்ப அவர் திருத்திக்கொண்டார், அவ்வளவே.

1920-இல் வேறோர் இடர் வந்தது. வீட்டையே இடித்து அவ்விடத்தில் புதிய குடியிருப்புகள் எழுப்பும் நிலை ஏற்பட்டது. அப்போதும் வீட்டைக் காக்கப் போதிய சட்டம் இல்லை, காத்தவர்கள் வாசகர்கள். குழு அமைத்து நிதி திரட்டினர். அமெரிக்க வாசகர்களும் மிகுதியாகக் கொடுத்தனர். 1921-இல் வீடு விலைக்கு வாங்கப்பட்டு ஹாம்ஸ்டெட் நகர மன்றத்தின் பொறுப்பில் ஒப்படைக்கப்பட்டது. 1925 மே 9 அன்று பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. 1931-இல் அதன் அருகிலேயே ஒரு நூலகமும் எழுந்தது. வரி தண்டுதலும் தெரு விளக்கேற்றுதலும் தம் கடமை என்றிருந்த ஒரு மன்றம், கவிஞர் ஒருவரின் நினைவையும் தன் கடமைகளுள் ஒன்றாக ஏற்றது கருதத்தக்கது.

சட்டம் பின்னர் மெல்ல வந்தது. அதற்கு வித்திட்டவர்களுள் ஒருவர் கவிஞரே என்பது இந்த அவைக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. வில்லியம் மாரிஸ் 1877-இல் பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தை நிறுவினார். 'புதுப்பித்தல்' என்னும் பெயரால் பழைய தேவாலயங்களின் பல நூற்றாண்டுப் படிவுகளைச் சுரண்டி எறிந்துவிட்டு, கற்பனையான ஒரு பழமையைக் கட்டி எழுப்பும் போக்கை அவர் கடிந்தார். ஒழுகும் கூரையை உடனே அடைப்பதும், சாயும் சுவருக்கு முட்டுக் கொடுப்பதும், நாள்தோறும் பேணுவதுமே உண்மையான காப்பு என்பது அவர் கொள்கை.

1882-இல் வந்த முதற் சட்டம் பெரும்பாலும் தொல்பழங்காலச் சின்னங்களையே கருதியது. மக்கள் வாழும் வீடுகள் அதில் அடங்கவில்லை. 1947-ஆம் ஆண்டின் ஊரமைப்புச் சட்டம் சிறப்புடைய கட்டடங்களைப் பட்டியலிடும் முறைக்கு அடித்தளம் இட்டது. எனினும் அந்நாளில் உரிமையாளர் முன்னறிவிப்புக் கொடுத்தால் போதும், இசைவு பெறவேண்டியதில்லை. அறிவிப்புக்கும் இசைவுக்கும் இடையே உள்ள தொலைவை 1968-ஆம் ஆண்டுச் சட்டம் கடந்தது. இன்று நடைமுறையில் உள்ளது 1990-ஆம் ஆண்டுச் சட்டம். இங்கிலாந்தின் பட்டியலில் ஏறத்தாழ 4 இலட்சம் பதிவுகள் உள்ளன. அவற்றுள் முதல் தரத்தன நூற்றுக்கு இரண்டரை மட்டுமே. கீட்ஸ் இல்லம் அத்தரத்தைச் சார்ந்தது.

இசைவு பெறும் முறை வருமாறு. கட்டடத்தின் இன்றைய வடிவமும் எண்ணியுள்ள வடிவமும் வரைபடங்களாகத் தரப்படவேண்டும். அக்கட்டடத்தின் சிறப்பு எதில் உள்ளது, எண்ணியுள்ள மாற்றம் அதனை எவ்வாறு தாக்கும் என்று விளக்கும் அறிக்கை ஒன்றும் உடன் வேண்டும். இவ்விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை. வெளித்தோற்றம் மட்டுமன்றி உட்சுவர், படிக்கட்டு, கதவு, கணப்படுப்பு ஆகியனவும் சட்டத்தின் பாதுகாப்பில் அடங்கும். விண்ணப்பம் பற்றிய அறிவிப்பு கட்டடத்தின் அருகிலும் உள்ளூர் நாளிதழிலும் வெளியிடப்படும். கருத்துரைக்கப் பொதுமக்களுக்கு 21 நாள்கள் தரப்படும். முதல் தரக் கட்டடம் எனில் நாட்டின் தொன்மைக் காப்பு நிறுவனத்துக்கும் தெரிவிக்கவேண்டும். பின்னரே மன்றம் முடிவு செய்யும். பயன்படுத்தும் செங்கல்லின் மாதிரியையும் சுண்ணச்சாந்தின் மாதிரியையும் முன்னதாகக் காட்ட வேண்டும் என்பது போன்ற நிபந்தனைகளும் விதிக்கப்படும். மறுக்கப்பட்டவர் மேல்முறையீடு செய்யலாம். இசைவின்றி மாற்றுவதோ குற்றம்.

செங்கல்லையும் சாந்தையும் கேட்பது மிகை எனச் சிலர் நினைக்கலாம். பழைய சுவர் ஈரத்தை உறிஞ்சும். சுண்ணச்சாந்தின் வழியே அதனை வெளியே விடும். அங்கே சிமெண்டைப் பூசினால் ஈரம் உள்ளே சிறைப்பட்டுச் செங்கல்லை அரித்துவிடும். நல்லெண்ணத்துடன் செய்த பழுதுபார்ப்பே சுவரைக் கொல்லும் என்பதனால்தான் மன்றம் மாதிரி கேட்கின்றது.

கீட்ஸ் இல்லத்தில் இம்முறையின் நேர்மை மேலும் துலங்குகின்றது. 1965-இல் ஹாம்ஸ்டெட் மன்றம் கேம்டன் மன்றத்துள் இணைந்தது. 1997 முதல் வீட்டைப் பேணிவருவது இலண்டன் நகரக் கழகம். ஆனால் வீடு நிற்பது கேம்டன் எல்லைக்குள். ஆதலின் அங்கு மாற்றம் செய்ய விழையும் நகரக் கழகம், அதுவும் ஒரு மன்றமாக இருந்தும், கேம்டன் மன்றத்திடமே விண்ணப்பிக்க வேண்டும். பேணுபவர் ஒருவர், ஆராய்பவர் மற்றொருவர். பழுதுபார்க்கப்பட்டுப் புதுப்பொலிவு பெற்ற இல்லம் 2009-இல் மீண்டும் திறக்கப்பட்டது.

இனி, மையமான வினாவுக்கு வரலாம். புதுப்பித்தல் என்றால் எந்தக் காலத்துக்குப் புதுப்பித்தல்? கவிஞர் கண்ட வீடு வேண்டுமெனில் எலைசா செஸ்டர் கட்டிய அறையை இடிக்கவேண்டும். அவ்வறை கீட்ஸ் காணாதது. அவர் வாழ்ந்த வீட்டின் வடிவத்தை மாற்றியது. ஆயினும் அதற்கும் ஏறத்தாழ இரு நூற்றாண்டு வயது ஆகின்றது. இன்று அதுவும் சட்டத்தால் காக்கப்படும் கட்டடத்தின் உறுப்பு. 1964-ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனம் இதற்குத் தெளிவான நெறி வகுத்துள்ளது. ஒரு கட்டடத்துக்கு ஒவ்வொரு காலமும் அளித்த தகுதியான பங்கினை மதிக்க வேண்டும். ஊகம் தொடங்கும் இடத்தில் புதுப்பித்தல் நிற்க வேண்டும். புதிதாகச் சேர்ப்பது பழையதோடு இசைந்தும், ஆயினும் பிரித்தறியத் தக்கதாகவும் இருக்க வேண்டும்.

சுவடிகளை ஒப்பிட்டுப் பதிப்பிப்போர் கொள்ளும் நெறியும் இதுவே அன்றோ! செல்லரித்த இடத்தைப் பதிப்பாசிரியர் புள்ளியிட்டுக் காட்டுவார். தாம் ஊகித்த சொல்லை அடைப்புக்குறிக்குள் இடுவார். அதனை மூலம் போல் எழுதிச் சேர்த்தால் அது இடைச்செருகல். உரையாசிரியர் நூலை விரிக்கின்றார். எனினும் மூலம் எது, உரை எது என்பது படிப்பவர்க்கு விளங்கும். பழைய வீட்டோடு சேரும் புதிய கட்டடம் உரையாக இருக்கலாம். இடைச்செருகலாக இருத்தல் கூடாது. இவ்வேறுபாட்டைக் காப்பதே மன்றத்தின் இசைவு செய்யும் பணி.

எதனையும் தொடாதே என்பதும் காப்பு ஆகாது. ஆளில்லாத வீடு விரைந்து அழியும். சக்கர நாற்காலியில் வருவோர் நுழைய இயலாத நினைவில்லம் பொதுமக்கள் அனைவர்க்கும் உரியது ஆகாது. ஆகவே, கட்டடத்தின் சிறப்புக்கு நேரும் ஊறும், பொதுமக்கள் அடையும் பயனும் எடை போடப்படுகின்றன. இம்முறை காலம் கொள்வது, பொருட்செலவு உடையது, சிலபோது உரிமையாளரைச் சலிப்படையச் செய்வது. ஆயினும் இடித்த சுவர் மீளாது; தாமதித்த விண்ணப்பம் மீண்டும் வரும்.

1920-இல் வாசகர்கள் எழுந்திராவிட்டால், 1968-ஆம் ஆண்டுச் சட்டம் காப்பதற்கு அங்கே வீடே இருந்திராது. மன்றம் ஏற்றிராவிட்டால், வாசகர்கள் திரட்டிய பணம் ஒருமுறை வாங்கியதோடு தீர்ந்திருக்கும். கவிதையை நேசிப்போர் கூட்டமும் ஊராளும் மன்றமும் ஒன்றையொன்று நாடிய இடத்தில்தான் அவ்வீடு நிலைத்தது. பத்தாண்டுகள் கூடிப் படித்த ஒரு வட்டம் இதனை எளிதில் உணரும். வீட்டருகே ஒட்டப்பெறும் அறிவிப்பும் படிக்கத்தக்க ஏடே. அதற்குரிய 21 நாள்களுக்குள் மூலத்தையும் உரையையும் பிரித்துக் காட்டி எழுதும் ஒரு கடிதம், கவிஞர்க்குச் செய்யும் தொண்டுகளுள் சிறந்த ஒன்றாகும்.