வேட்டைத் தோழரின் ஞாபகம்

(தாம்பரத்தில் கூடிய நமது சங்கத்தின் அனுதாபக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



சென்ற ஐப்பசி மாதத்தில் சிவபதம் அடைந்த நமது அண்ணனைக் குறித்துச் சில வார்த்தைகள் பேசுமாறு சங்கத்தார் எங்களைப் பணித்தார்கள். அன்னாரோடு துப்பாக்கி தூக்கிச் சென்றவர்களில் இன்று எஞ்சியிருப்பவர்கள் நாங்கள் இருவரே. மற்றவருக்கு நாவெழாமையால் இருவர் சார்பிலும் இதனைச் சொல்லுகிறோம். மாலையிடப்பெற்று உங்கள் முன் விளங்கும் படத்திலுள்ளவரின் திருநாமத்தை நாங்கள் உச்சரிக்க வேண்டுவதில்லை. இச்சங்கத்தில் 'அண்ணன்' என்றால் ஒருவரே.

அவர் பொருளாளராயிருந்து சங்கக் கணக்கைக் காத்த நேர்மையை முன்பேசியவர்கள் விரித்துரைத்தார்கள். நாங்கள் அதனை விடுத்து, அவர்கள் தொடாத விஷயத்துக்கு வருகிறோம். "உயிர்க்கொலை புரிந்தவருக்குப் படத்திறப்பு எதற்கு?" என்று ஓரிருவர் முணுமுணுத்தது எங்கள் செவியிலும் விழுந்தது. அவர் வேட்டையாடியது வாஸ்தவம். அதனை மறைத்துப் பேசுவது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

அவருடைய தகப்பனார் மாடம்பாக்கம் ஏரிப் பாசனத்தில் நிலம் வைத்திருந்தவர். நாட்டைவிட்டுப் புறப்பட்ட ஓர் ஐரோப்பியரின் சாமான்கள் 1947-இல் சென்னையில் ஏலம் போனபோது, இரட்டைக் குழல் துப்பாக்கியொன்றை அவர் எடுத்தார். 1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தில் தொடக்கத்தில் வெள்ளையருக்கு லைசென்ஸ் வேண்டியிருக்கவில்லை. நம்மவருக்கோ அது குதிரைக்கொம்பு. ஆகையால் அத்துப்பாக்கி வீட்டுக்கு வந்த நாளில் தெருவே திரண்டு பார்த்ததாக அண்ணன் சொல்லுவார்.

அது பன்னிரண்டு போர் துப்பாக்கி. பன்னிரண்டு போர் என்பது யாதெனில், ஒரு ராத்தல் ஈயத்தைச் சமமான பன்னிரண்டு உருண்டைகளாக வார்த்தால் ஓர் உருண்டை எவ்வளவு பருமனோ அவ்வளவே குழலின் உள்வாய். இதனை எங்களுக்குக் கற்பித்தவரும் அவரே. குழலோ டமாஸ்கஸ் வேலைப்பாடு. இரும்புப் பட்டையையும் எஃகுப் பட்டையையும் ஒன்றாய் முறுக்கி, உருளைமேல் கயிறு சுற்றுவதுபோலச் சுற்றி, உலையிலிட்டுத் தட்டி இணைப்பது அது. மெருகேற்றியபின் குழல் முழுதும் பாம்புத்தோல் போன்ற வரிகள் தோன்றும். குழலடியில் பர்மிங்காம் சோதனைச் சாலையின் முத்திரை இருந்தது. 1813-இல் அமைந்த அச்சாலையில், வழக்கத்தினும் மிகுந்த மருந்திட்டு வெடித்துப் பார்த்துத் தாங்கிய குழலுக்கே முத்திரை இடுவார்கள். ஆயினும் அச்சோதனை கரிமருந்துக்கு மட்டுமே செய்தது. புகையில்லா மருந்து அடைத்த இக்காலத் தோட்டாவை அதில் இடலாகாது என்று அவர் கண்டிப்பாயிருந்தார். ஒரேயொரு முறை சுட்டுப் பார்க்கிறோம் என்று நாங்கள் கெஞ்சியபோது, "உன் இடக்கை எனக்கு வேண்டும்" என்று சொல்லிப் பெட்டியைப் பூட்டிவிட்டார்.

வேட்டைக்கு வேறொரு துப்பாக்கி, வெளிக்குதிரை இல்லாதது, இருந்தது. தாம்பரத்திலிருந்து சைக்கிளில் விடியுமுன் புறப்பட்டு மேடவாக்கம் வழியாகப் பள்ளிக்கரணைக்குச் செல்லுவோம். 1965ஆம் ஆண்டளவில் அச்சதுப்பு 5,000 ஹெக்டேருக்கு மேல் பரந்திருந்ததாகக் கணக்கிடுகிறார்கள். எங்களுக்குக் கணக்குத் தெரியாது. கோரையும் நீரும் கண்ணுக்கெட்டிய வரை இருந்தன என்பது தெரியும். புரட்டாசி, ஐப்பசியில் வடதேசத்திலிருந்து வந்திறங்கும் உள்ளான், காலடியிலிருந்து கீச்சென்று எழுந்து இடமும் வலமுமாய் வளைந்து போகும். குறி பார்த்தால் தப்பிவிடும். கை தானாக எழ வேண்டும். அண்ணன் பத்துத் தோட்டாவுக்குமேல் கொண்டுவர மாட்டார். விழுந்த பறவையைக் கண்டெடுக்காமல் அடுத்த வெடி வைக்க விடமாட்டார். ஒருமுறை, அடிபட்ட ஒரே உள்ளானைத் தேடி முழங்காற் சேற்றில் ஒரு நாழிகைக்குமேல் எங்களை அலைக்கழித்தார். அன்று நாங்கள் அவரை மனத்துக்குள் திட்டியதை இப்போது ஒப்புக்கொள்ளுகிறோம்.

1968ஆம் ஆண்டு தை மாதத்தில் மதுராந்தகம் பக்கம் சென்று திரும்புகையில் வேடந்தாங்கலில் தேநீருக்காக இறங்கினோம். தோளில் துப்பாக்கியைக் கண்ட ஒரு முதியவர் எழுந்து வந்து, "ஐயா, இந்த ஊரில் வெடிச் சத்தம் கூடாது" என்று கைகூப்பினார். அவ்வூராரின் பிடிவாதம் நெடுநாளையது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில், சிப்பாய்கள் ஏரிப்பறவைகளைச் சுட்டதைப் பொறாமல், செங்கற்பட்டுக் கலெக்டராயிருந்த லயனல் பிளேஸ் துரையிடம் முறையிட்டுப் பாதுகாப்புப் பெற்றவர்கள் அவர்கள். 1858-இல் அவ்வுரிமையை மறுபடியும் எழுத்தில் பெற்றார்கள். பறவை எச்சம் கரைந்த ஏரிநீர் அவர்கள் வயலுக்கு எருவாகிறது. அண்ணன் மறுமொழி பேசவில்லை. குழலை மடக்கித் தோட்டாக்களை எடுத்து அம்முதியவர் கையில் கொடுத்தார். ஊர்வரும் வரை எங்களோடும் பேசவில்லை.

அதன்பின் அவர் ஒரு பறவையையும் சுட்டதில்லை. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது 1972-இல். வேட்டை லைசென்ஸுக்கு அறவே இடமில்லாமற் செய்தது 1991ஆம் ஆண்டுத் திருத்தம். இரண்டுக்கும் முன்பே அவர் நிறுத்திவிட்டார். அவருடைய வேட்டை நோட்டுப் புத்தகத்தை நாங்கள் பார்த்திருக்கிறோம். 'அடித்தது' என்ற தலைப்பு அத்தேதியோடு கோடிட்டு அடிக்கப்பட்டு, 'கண்டது' என்று எழுதப்பட்டிருக்கிறது. ஆண்டுதோறும் குளிர்காலத்தில் பள்ளிக்கரணைக்குப் போய் எண்ணி எழுதி வந்தார். 2007-இல் அங்கே 317 ஹெக்டேர் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டபோது எங்களுக்கெல்லாம் மிட்டாய் வாங்கித் தந்தார். 2022-இல் ராம்சார் பட்டியலில் 1,247 ஹெக்டேர் சேர்ந்த செய்தியைப் பேரப்பிள்ளை படித்துக் காட்ட, படுத்தபடியே கேட்டார்.

துப்பாக்கிகளை மாத்திரம் அவர் கைவிடவில்லை. ஆயுத பூஜைதோறும் குழலுக்குள் துணி செலுத்தித் துடைத்து, கட்டைக்கு ஆளிவிதை எண்ணெய் தேய்த்து, திருநீறும் சந்தனமும் இடுவார். தேர்தல் வந்தால் போர்வையில் சுற்றிக் காவல் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது பெறுவார்; திரும்பி வந்ததும் துரு ஏறிய இடங்களைத் தேடி முணுமுணுப்பார். ஒருவர் மூன்று துப்பாக்கி வைத்திருக்கலாம் என்றிருந்ததை 2019ஆம் ஆண்டுத் திருத்தம் இரண்டாகக் குறைத்தபோது, ஒற்றைக் குழலைக் கொடுத்துவிட்டார்.

இனி அவர்மீது எங்களுக்குள்ள ஒரே குறையையும் சொல்லிவிடுகிறோம். லைசென்ஸ்தாரருக்கு எழுபது வயது நிறைந்தாலும், இருபத்தைந்தாண்டு ஆயுதம் வைத்திருந்தாலும், உயிரோடிருக்கும்போதே வாரிசுக்கு லைசென்ஸ் கோரலாம் என்று 2016ஆம் ஆண்டு விதிகள் இடங்கொடுக்கின்றன. பலமுறை நினைவூட்டினோம். "பார்க்கலாம்" என்பார். தாம் இருக்கையில் அவை வேறொருவர் பெயருக்குப் போவதை அவர் மனம் ஏற்கவில்லை போலும். இன்று அவ்விரண்டும் சட்டப்படி ஒப்படைக்கப்பட்டிருக்கின்றன. குறித்த காலத்துக்குள் வாரிசு லைசென்ஸ் பெறாவிடில் அவை சர்க்காருக்குப் போய்ச் சேரும். தகப்பனார் ஏலத்தில் எடுத்த அந்தப் பாம்புவரிக் குழலும் போய்விடும்.

அவருடைய மூத்த மகள் மனுச் செய்ய முன்வந்திருக்கிறார். பெண்பிள்ளைக்குத் துப்பாக்கி எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்லுகிறோம்: ஆயுத பூஜையன்று அண்ணனுக்குப் பக்கத்தில் அமர்ந்து எண்ணெய் தேய்த்தவர் அவரே. வாரிசுச் சான்றுக்கும் மற்ற பத்திரங்களுக்கும் உதவிசெய்ய வல்ல வக்கீல்கள் நம்மில் பலர் இருக்கிறார்கள். அவர்களுள் ஒருவரேனும் இக்கூட்டம் முடிந்ததும் எங்களை வந்து காணும்படி கேட்டுக்கொள்ளுகிறோம். மகளாரும் பின்வரிசையில் அமர்ந்திருக்கிறார். நோட்டுப் புத்தகத்தைக் கையோடு கொண்டுவந்திருக்கிறார்.